கனடாவில் வேலை தேடும்போது எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவது?

கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலையில் ஒன்பது வருடம் அக்கவுண்ட்ஸ் எக்சிகியூட்டிவாக இருந்தேன். டொராண்டோ வந்த முதல் வாரமே அதே பெயரைப் போட்டுத் தேடி, கண்ணில் பட்டதற்கெல்லாம் விண்ணப்பம் அனுப்பினேன். ஒன்றரை மாதம் ஒரு பதிலும் வரவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, இங்கே அக்கவுண்ட் எக்சிகியூட்டிவ் என்றால் விற்பனைக்காரர். வாடிக்கையாளரைப் பிடித்து வியாபாரம் கொண்டுவருவது அவர் வேலை. நான் பார்த்ததோ பில், வவுச்சர், பேங்க் கணக்கு.

அதனால் ஊரில் இருந்த பதவிப் பெயரை அப்படியே நம்பாதீர்கள். நீங்கள் செய்த வேலைக்கு இங்கே என்ன பெயர் என்று முதலில் பாருங்கள். அதற்கு நல்ல இடம் கனடா அரசின் ஜாப் பேங்க் தளம். இங்கே வேலைகளையெல்லாம் என்ஓசி என்ற பட்டியலில் வகை பிரித்து, ஐந்து இலக்க எண் கொடுத்திருக்கிறார்கள். 14200 என்றால் கணக்கு கிளார்க்குகள், 12200 என்றால் புக்கீப்பர்கள். ஒவ்வொரு எண்ணுக்குக் கீழும் அந்த வேலைக்கு வழங்கும் பெயர்கள் வரிசையாக இருக்கும். அக்கவுண்ட்ஸ் பேயபிள் கிளார்க், அதாவது நிறுவனம் பணம் கட்டவேண்டிய பில்களைப் பார்க்கிறவர், என்ற பெயர் எனக்கு அங்கேதான் கிடைத்தது. ஊரில் நான் தினமும் செய்த வேலையில் பாதி அதுதான்! ஒரு மாலை நேரம் ஒதுக்கி உங்கள் பட்டியலைத் தயார் செய்துவிடுங்கள். நான்கைந்து பெயர் போதும்.

பதவிப் பெயரோடு நிற்காமல் கணக்கு மென்பொருளின் பெயரையும் போட்டுப் பாருங்கள். நமக்கு டாலி மாதிரி, இங்கே சின்ன அலுவலகங்களில் குவிக்புக்ஸ், சேஜ். வெறும் குவிக்புக்ஸ் என்று தேடினாலே, நாம் நினைத்தும் பார்க்காத தலைப்புகளில் வேலைகள் வந்து நிற்கும். வரியின் பெயரும் உதவும். டொராண்டோ இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்தில் விற்பனை வரிக்குப் பெயர் எச்எஸ்டி, 13 சதவீதம். ஃப்ரெஷர் என்ற சொல் இங்கே புழக்கத்தில் இல்லை, ஜூனியர் அல்லது என்ட்ரி லெவல் என்று தேடுங்கள்.

இரண்டு மூன்று சொல் சேர்ந்த பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். இல்லாவிட்டால் கிளார்க் என்று வருகிற எல்லாம் வந்து குவியும். லிங்க்ட்இன்னில் ஆர் (OR), நாட் (NOT) என்ற ஆங்கிலச் சொற்களைப் பெரிய எழுத்தில் போட்டால், இரண்டு பெயர்களைச் சேர்த்துத் தேடலாம், விற்பனை வேலைகளை விலக்கலாம்.

கார் இல்லாதவர்கள் டொராண்டோ என்று மட்டும் போடவேண்டாம். டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் குடியிருந்துகொண்டு, மேற்கே இருக்கிற மிசிசாகாவுக்குப் பேருந்தில் தினமும் போய்வருவது பெரும்பாடு. ஸ்கார்பரோ, மார்க்கம் என்று தனித்தனியாகத் தேடுங்கள்.

சரி, வேலை கண்ணில் பட்டுவிட்டது. விளம்பரத்தில் அவர்கள் எழுதியிருக்கிற சொல், நீங்கள் உண்மையிலேயே செய்த வேலையைக் குறித்தால், அதே சொல்லை ரெஸ்யூமேயில் எழுதுங்கள். சுருக்கெழுத்து இருந்தால் முழுப்பெயரையும் பக்கத்தில் சேருங்கள். பல நிறுவனங்களில் மனிதர் படிக்கும் முன்னே கணினி ரெஸ்யூமேக்களைச் சலித்து எடுக்கிறது. நான் பேயபிள் என்று மாற்றி எழுதிய பிறகுதான் முதல் நேர்காணல் அழைப்பு வந்தது.