பின் கனெக்டர் வாங்குவதில் நேரும் தவறுகள்

கிருஷ்ணகிரிப் பக்கம் பொழுதுபோக்காக எலெக்ட்ரானிக்ஸ் செய்பவர்களில் பலர் உதிரிபாகங்களுக்குப் பெங்களூரு எஸ்.பி. ரோட்டையே நம்பியிருக்கிறோம். ஒயரையும் சர்க்யூட் போர்டையும் இணைக்கக் கண்ணளவில் பொறுக்கிய கனெக்டர் போர்டில் பொருந்தவில்லை என்று வீட்டில் தெரியவரும்போது, கடை ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது.

பெரும்பாலான தவறுகள் பின்களின் இடைவெளியில்தான் தொடங்குகின்றன. வரிசையாக நிற்கும் உலோகப் பின்களைக் கொண்ட சாதாரண பின் ஹெடரின் இடைவெளி 2.54 மி.மீ., அதாவது அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. ஜேஎஸ்டி நிறுவனத்தின் எக்ஸ்ஹெச் வகைக் கனெக்டருக்கோ 2.5 மி.மீ. மூன்று பின் வரை இந்த வேறுபாடு உறைக்காது. பத்துப் பின் என்றால் ஒன்பது இடைவெளிகளிலும் சேர்ந்து 0.36 மி.மீ. விலகிவிடும், அதை அழுத்தித் திணித்தால் பின் வளையும், அல்லது ஈயப் பற்றில் விரிசல் விழும். அளக்கும்போது முதல் பின்னின் நடுவிலிருந்து கடைசிப் பின்னின் நடுவரை அளந்து, பின்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து வகுக்க வேண்டும். எண்ணிக்கையாலேயே வகுத்துவிட்டு அதே நிறுவனத்தின் 2 மி.மீ. பிஹெச் கனெக்டரை வாங்கி வருபவர்கள் உண்டு.

மின்னோட்ட அளவையும் பலர் பார்ப்பதில்லை. உரிய தடிமனுள்ள ஒயருடன் எக்ஸ்ஹெச் 3 ஆம்பியரும் பிஹெச் 2 ஆம்பியரும் தாங்கும். ஆனால் சிறு பம்பு மோட்டார்கூடக் கிளம்பும் கணத்தில் ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும்.

வெறுமனே செருகி எடுக்கும், பூட்டு இல்லாத ஜம்பர் ஒயர் மேசையில் வைத்துச் சோதிக்க மட்டுமே ஏற்றது. மாந்தோப்பில் மண் ஈரத்தை அளக்க நான் அமைத்த பெட்டியில், பக்கத்து மோட்டாரின் அதிர்வால் உணரியின் ஒயர் கழன்றுவிட, போர்டு அதை வறண்ட மண் என்று எடுத்துக்கொண்டு விடிய விடியத் தண்ணீர் பாய்ச்சியது.

லித்தியம் பேட்டரியின் இரண்டு பின் கனெக்டர் தலைகீழாகச் செருகாது என்பது உண்மைதான். எனினும் சிவப்பு ஒயர் எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதில் தயாரிப்பாளர்களிடையே ஒரே வழக்கம் இல்லாததால், மல்டிமீட்டரில் பார்க்காமல் செருகக் கூடாது. மின்சாரம் வரும் பக்கத்தில் வெளியே நீட்டிய பின்களை வைப்பதும் தவறு; அங்கே பின் நுழையும் துளைகள் கொண்ட சாக்கெட்தான் இருக்க வேண்டும்.

சாக்கெட் பட்டை வாங்கும்போது கணக்கில் கவனம் தேவை. பின்கள் உள்ள ஆண் பட்டை பள்ளத்தில் சுத்தமாக ஒடியும், சாக்கெட் பட்டையிலோ ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு துளை வீணாகும். எனவே 40 துளைப் பட்டையில் ஆறு துளைச் சாக்கெட் ஆறு கிடைக்காது, ஐந்துதான் கிடைக்கும்.