பெல்ஜிய பீரைச் சுவைத்து அறியும் முறை

பெல்ஜியத்தின் சிறப்பு பீர்களில் மணத்தின் பெரும்பங்கு ஈஸ்டிலிருந்து வருவதால், கடுங்குளிரில் குடித்தால் அந்த மணம் எழாமலே போய்விடும். அடர்நிற டப்பல், பொன்னிற டிரிப்பல் போன்ற வலிமையான வகைகளுக்கு 10 முதல் 14 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலை பொருத்தமானது. ஆகவே குளிர்பெட்டியிலிருந்து முன்கூட்டியே எடுத்து வையுங்கள். இவற்றுள் பல பாட்டிலிலேயே மறுபடி நொதிப்பவை என்பதால் அடியில் ஈஸ்ட் வண்டல் இருக்கும். அது படிவதற்கு, பாட்டில் ஒரு நாளாவது நிமிர்ந்து நின்றிருக்க வேண்டும்.

கோப்பை வாய்ப்புறம் குறுகிய டியூலிப் வடிவத்தில் இருந்தால் மணம் உள்ளே தங்கும். எண்ணெய்ப் பிசுக்கு நுரையைக் கெடுத்துவிடும் என்பதால் கோப்பையின் தூய்மையில் கவனம் தேவை. கோப்பையைச் சாய்த்து மெதுவாக ஊற்றத் தொடங்கி, பாதி நிறைந்ததும் நிமிர்த்தி, இரண்டு விரல் உயரத்துக்கு நுரை எழும்படி ஊற்றுங்கள். கடைசி ஒரு சென்டிமீட்டரைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள்.

நுரை அடங்குவதற்குள் முகர்ந்துவிடுவது நல்லது. ஒரே நீண்ட மூச்சாக இழுக்காமல், இரண்டு மூன்று முறை சிறிது சிறிதாக முகர்ந்தால் மூக்கு களைப்படையாது. டிரிப்பலில் வாழைப்பழ மணமும் கிராம்பு மணமும் தெரிந்தால், பழமோ கிராம்போ சேர்த்திருக்கிறார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். முதலாவது ஐசோஅமைல் அசிடேட் என்ற எஸ்டர், அதாவது பழமணம் தரும் சேர்மம். இரண்டாவது ஃபீனால் என்னும் காரமணச் சேர்மங்களுள் ஒன்று. இரண்டுமே ஈஸ்ட் உண்டாக்கியவை. கோதுமை சேர்ந்த விட்பியரிலோ கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் உண்மையிலேயே சேர்க்கப்படுகின்றன. டப்பலில் எழும் உலர்திராட்சை மணத்தில் கருமையான கேண்டி சர்க்கரைப் பாகுக்கும் பங்குண்டு.

பிறகு ஒரு வாய் எடுத்து, நாவெங்கும் பரவவிட்டு, விழுங்கியபின் மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். பீருக்குக் கசப்பூட்டச் சேர்க்கும் ஹாப்ஸ் பூக்களின் கசப்பு விழுங்கிய பிறகே முழுமையாகத் தெரியும் என்பதால் துப்பிவிட்டால் பாதிச் சுவை போய்விடும். ஆன்ட்வெர்ப் மாகாணத்தின் வெஸ்ட்மல்லெ துறவிமடம் 1934-இல் முதன்முதலாகக் காய்ச்சிய டிரிப்பலில் 9.5 சதவீத ஆல்கஹால் உள்ளது. ஆயினும் அது நாவில் கனப்பதில்லை, ஏனெனில் சேர்த்த சர்க்கரை ஏறத்தாழ முழுவதுமாக நொதித்து, இனிப்பாக எஞ்சாமல், பீரின் அடர்த்தியை மெலிதாக்கி விடுகிறது. தொண்டையில் பரவும் இளஞ்சூடு ஒன்றே அதன் வலிமையைக் காட்டும் என்பதால், ஒரு பாட்டிலை இருவர் பகிர்ந்து சுவைப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து.

இனிக் கோப்பையைக் கீழே வைத்துப் பத்து நிமிடம் பொறுத்திருங்கள். பீர் சற்றே வெதுவெதுப்பாகும்போது, முதல் வாயில் ஒளிந்திருந்த பழமணங்கள் மேலெழுந்து வருவதை நீங்களே உணர்வீர்கள். சுவைத்தல் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான்.

குறை எது, இயல்பு எது என்று பிரித்தறிவதற்கு அந்தந்த வகையை அறிந்திருக்க வேண்டும். டிரிப்பலில் புளிப்பு ஒரு கேடு. காற்றில் உள்ள நுண்ணுயிரிகளால் நொதிக்கும் லாம்பிக்கில் அதுவே சிறப்பு. ஒர்வால் என்னும் பெல்ஜியத் துறவிமடத்தின் பீரில் பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட் சேர்ப்பதால், மாதங்கள் செல்லச் செல்ல தோல், வைக்கோல் போன்ற மணம் கூடுகிறது. அதைக் கெட்டுவிட்டதாகக் கருதக் கூடாது. நனைந்த அட்டையின் வாசம் மட்டும் எந்த வகையிலும் குறைதான். ஆக்சிஜன் பட்டு பீர் பழசானதன் அடையாளம் அது.

கோப்பையில் கால்பங்கு எஞ்சியிருக்கும்போது, பாட்டிலில் விட்டுவைத்த வண்டலைச் சுழற்றி அதில் ஊற்றிப் பருகிப் பாருங்கள். நிறம் கலங்கும், ரொட்டி மாவின் சுவை சேரும், கசப்பும் சற்றுக் கூடும்.