ஆல்பம் சிபாரிசு செய்யும்போது செய்யக்கூடாத சில காரியங்கள்

ஒரு ஆல்பம் பிடித்துப்போய் நான்கு பேரிடம் சொல்கிறோம். நான்கு பேரும் "கண்டிப்பா கேட்கிறேன்" என்கிறார்கள். ஒருவரும் கேட்பதில்லை. பல வருடம் இப்படியே போனபிறகுதான் கோளாறு சொல்கிற என்னிடம்தான் என்று உறைத்தது.

முதல் தவறு, பெயரை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது. எந்த வாசல் வழியாக உள்ளே போவது என்றும் சொல்ல வேண்டும். வெட்னஸ்டே குழுவின் 'ராட் சா காட்' (2023) ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது பாட்டு 'புல் பிலீவர்' எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும். முடிவில் பாடகி கார்லி ஹார்ட்ஸ்மன் தொண்டை கிழியக் கத்துவார். எனக்கு ஆல்பத்தின் உச்சமே அதுதான். ஆனால் புதிதாக வருபவர் அங்கேயே இறங்கிவிடுவார். அவரை 'சோசன் டு டிசர்வ்' வழியாக அழைத்து வாருங்கள். அமெரிக்க நாட்டுப்புற 'கன்ட்ரி' இசையின் சாயல் கொண்ட ராக். பழைய சேட்டைகளை எல்லாம் காதலனிடம் ஒவ்வொன்றாக ஒப்புக்கொள்கிற பாட்டு. உடனே ஒட்டிக்கொள்ளும். கத்தலை அப்புறம் அவரே தேடிப் போவார்.

பிக் தீஃப் குழுவின் 'டிராகன் நியூ வார்ம் மவுண்டன் ஐ பிலீவ் இன் யூ' (2022) விஷயத்தில் இது இன்னும் முக்கியம். மொத்தம் 20 பாட்டு. நான் 'ஸ்பட் இன்ஃபினிட்டி'யைத்தான் முதலில் அனுப்புவேன். மோர்சிங்கின் சொந்தக்காரக் கருவியான ஜா ஹார்ப் அதில் டொய்ங் டொய்ங் என்று குதித்துக்கொண்டே இருக்கும். அதற்குச் சிரிக்காதவரிடம் மீதி 19 பாட்டையும் திணிப்பதில்லை.

அடுத்தது, ஒலியைப் பற்றி எச்சரிக்காமல் விடுவது. லோ என்ற இருவர் குழுவின் 'ஹே வாட்' (2021) ஆல்பத்தை ஒரு நண்பனுக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் அவனிடமிருந்து கேள்வி: "என் ஹெட்போன் போச்சா, இல்ல பாட்டே இப்படித்தானா?" பாட்டே இப்படித்தான். வேண்டுமென்றே ஒலியைக் கிழித்து, நொறுக்கி, அதன் நடுவே இரண்டு குரல்களை மட்டும் சுத்தமாக நிறுத்தியிருப்பார்கள். இந்த ஒரு வரியை முன்னாடியே சொல்லியிருந்தால் அவன் இரண்டாவது பாட்டுக்குப் போயிருப்பான்.

பின்கதையை முதலில் சொல்வதும் தவறு, அதுவும் ஆசை காட்டுகிற தவறு. பிளாக் கன்ட்ரி நியூ ரோட் குழுவின் 'ஆன்ட்ஸ் ஃப்ரம் அப் தேர்' 2022 பிப்ரவரியில் வந்தது. அதற்குச் சில நாட்கள் முன்புதான் பாடகர் ஐசக் வுட் குழுவை விட்டு விலகுவதாக அறிவித்தார். இதைச் சொல்லிவிட்டால் கேட்பவர் ஒவ்வொரு வரியிலும் பிரிவின் அறிகுறியைத் துழாவ ஆரம்பித்துவிடுவார். 12 நிமிடத்துக்கு மேல் நீளும் கடைசிப் பாட்டுக்குப் பின்கதை தேவையே இல்லை. கேட்டு முடித்தபின் சொல்லுங்கள்.

"இண்டி ஆல்பம் ஒன்று தருகிறேன்" என்பதும் எதையும் சொல்லாத வாக்கியம். இண்டி என்றால் பெரிய நிறுவனங்களைச் சாராத சுயாதீன இசை என்று பொருள். ஆனால் பாய்ஜீனியஸ் குழுவின் 'தி ரெக்கார்ட்' (2023) இன்டர்ஸ்கோப் என்ற பெரிய நிறுவனம் வெளியிட்டது, எல்லோரும் அதை இண்டி என்கிறார்கள். நைஜர் நாட்டு கிட்டார் கலைஞர் எம்டூ மொக்டாரின் 'ஃப்யூனரல் ஃபார் ஜஸ்டிஸ்' (2024) மேட்டடோர் என்ற இண்டி நிறுவனத்தின் வெளியீடு, அதைப் பலர் அந்த வரிசையிலேயே வைப்பதில்லை. இண்டியா இல்லையா என்ற பேச்சை விட்டுவிட்டு, கிட்டார் தீப்பிடித்தது மாதிரி இருக்கும் என்று சொன்னால் போதும்.

பத்துப் பெயரை ஒரே மெசேஜில் அனுப்பாதீர்கள். ஒன்று போதும்.

கடைசியாக, மறுநாளே "கேட்டாயா?" என்று நச்சரிப்பது. சிண்டி லீயின் 'டயமண்ட் ஜூபிலி' 2024இல் வந்தபோது ஸ்ட்ரீமிங் தளங்களில் இல்லை. யூடியூபில் இரண்டு மணி நேரம் ஓடும் ஒரே வீடியோவாகக் கிடந்தது. அந்த இணைப்பை ஒருவருக்கு அனுப்பிவிட்டு, அதிசயமாக, வாயை மூடிக்கொண்டு இருந்தேன். எட்டு மாதம் கழித்து ஒரு நள்ளிரவில் பதில் வந்தது: "ஒரு மணி அஞ்சு நிமிஷத்துல வருதே, அந்தப் பாட்டு பேரென்ன?"