டெஸ்ட் பாஸ், ரீலோட் ஃபெயில்: என்ஜின்எக்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என்ஜின்எக்ஸ் வெப் சர்வரின் கான்ஃபிக்கை மாற்றியதும், அதைச் சோதிக்கும் 'என்ஜின்எக்ஸ் மைனஸ் டி' (nginx -t) கட்டளையைப் போடாமல் ரீலோட் செய்பவர்கள் இப்போது குறைவுதான். டெஸ்ட் பாஸ் ஆனதுமே வேலை முடிந்தது என்று எழுந்து போவதுதான் இன்றைய தவறு. டெஸ்ட் என்பது தனியாக ஓடி முடியும் ஒரு புதிய பிராசஸ். ஃபைலைப் படித்துப் பிழை சொல்லும், அவ்வளவுதான். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும், வொர்க்கர்களை நடத்தும் மாஸ்டர் பிராசஸ் எதையெல்லாம் பிடித்து வைத்திருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

ஒருவர் எத்தனை ரிக்வெஸ்ட் அனுப்பலாம் என்று கட்டுப்படுத்தும் ரேட் லிமிட்டையே பாருங்கள். இதுவரை ஐபி முகவரியை வைத்து எண்ணியதை இனி ஏபிஐ கீயை வைத்து எண்ணலாம் என்று மாற்றுகிறீர்கள். அந்த எண்ணிக்கையை வைத்திருக்கும் மெமரிப் பகுதியான ஜோனின் பெயரை மட்டும் அப்படியே விட்டுவிடுகிறீர்கள். டெஸ்ட் பாஸ். ரீலோட் கட்டளையும் சத்தமில்லாமல் முடிகிறது, ஏனென்றால் அது கான்ஃபிக்கை மறுபடி படிக்கச் சொல்லும் ஹப் (HUP) சிக்னலை மாஸ்டருக்கு அனுப்பிவிட்டுத் திரும்பிவிடும். மாஸ்டரோ, இதே பெயருள்ள ஜோன் முன்பு வேறு கீயில் (எதை வைத்து எண்ணுகிறோமோ அது) இருந்ததே என்று எரர் லாகில் 'எமெர்ஜ்' (emerg) என்ற தீவிரப் பிழை வரி ஒன்றை எழுதிவிட்டுப் பழைய கான்ஃபிக்கிலேயே ஓடும். சைட் விழாது, அதனால் யாரும் கவனிக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு செய்யும் மாற்றங்களும் இதேபோல் ஏறாமல் சேர்ந்துகொண்டே போகும். என்றைக்காவது சர்வர் ரீபூட் ஆகும்போது எல்லாம் மொத்தமாக அமலுக்கு வரும். கீயை மாற்றினால் ஜோனின் பெயரையும் மாற்றுங்கள். எப்படியானாலும் ரீலோடுக்குப் பிறகு எரர் லாகைப் பாருங்கள், ரிக்வெஸ்ட்களைக் கையாளும் வொர்க்கர் பிராசஸ்களின் பிஐடி (பிராசஸ் எண்) மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கூடுதல் வசதிக்காகத் தனி ஃபைலாக ஏற்றும் மாட்யூலிலும் இதே கதைதான். பேக்கேஜை அப்கிரேட் செய்ததும் டிஸ்கில் இருப்பது புதிய என்ஜின்எக்ஸும் புதிய மாட்யூலும். டெஸ்ட் புதியதைக் கொண்டு புதியதைச் சோதிப்பதால் பாஸ் ஆகிவிடும். ஓடும் மாஸ்டர் இன்னும் பழசு. வெர்ஷன் பொருந்தாத மாட்யூலை அது ஏற்காது. இங்கே ரீலோட் உதவாது. ரீஸ்டார்ட் செய்யுங்கள், இல்லையென்றால் யூஎஸ்ஆர்2 சிக்னலால் புதிய பைனரிக்கு மாறுங்கள். அப்புறம், கையால் பில்ட் செய்த மாட்யூல் ஃபைலைப் பழையதன் மேலேயே காப்பி செய்யாதீர்கள். ஓடும் வொர்க்கர்கள் அந்த ஃபைலை மெமரியில் மேப் செய்திருக்கும். அங்கேயே கிராஷ் ஆகலாம். வேறு பெயரில் அதே டைரக்டரியில் வைத்து, 'எம்வி' (mv) கட்டளையால் பழைய பெயருக்கு மாற்றுங்கள்.

நீண்ட நேரம் திறந்தே இருக்கும் வெப்சாக்கெட் இணைப்புகள் இருந்தால் ஒவ்வொரு ரீலோடுக்கும் பழைய வொர்க்கர்கள் இணைப்பு முடியும்வரை போகாமல் மெமரியைத் தின்னும். இதற்குக் கெடு வைக்க 1.11.11 வெர்ஷனிலிருந்து வொர்க்கர் ஷட்டவுன் டைம்அவுட் (worker_shutdown_timeout) இருக்கிறது, ஆனால் நாமாகக் கொடுத்தால்தான் உண்டு.

இன்னொரு வெப் சர்வரான அப்பாச்சியை ஓட்டுபவர்களுக்கு ஒன்றே ஒன்று: ரீலோடுக்குச் சிக்னலை நேரடியாக அனுப்பாதீர்கள். கான்ஃபிக்கில் பிழை இருந்தால் அதன் பேரன்ட் பிராசஸ் பழையதற்குத் திரும்பாது, வெளியேறிவிடும். 'அப்பாச்சிசிடிஎல் கிரேஸ்ஃபுல்' முதலில் கான்ஃபிக்கைச் சரிபார்த்துவிட்டுத்தான் சிக்னலை அனுப்பும்.