போனோவும் பீட்டர் கேரட்டும்: மேடையையும் அரசியலையும் சேர்த்து ஒப்பிடுவது எப்படி

ராக் பாடகர்களில் அரசியலுக்குள் ஆழமாகப் போனவர்கள் என்று பட்டியல் போட்டால் இந்த இரண்டு பேர் கட்டாயம் வருவார்கள். ஒருவர் டப்ளினின் யூ2 குழுவைச் சேர்ந்த போனோ. மற்றவர் சிட்னியின் மிட்நைட் ஆயில் குழுவைச் சேர்ந்த பீட்டர் கேரட். இவர்களை ஒப்பிட்டு எழுத உட்காருகிறவர்கள் "யார் உண்மையானவர்?" என்ற கேள்வியில் போய் மாட்டிக்கொள்கிறார்கள். அந்தக் கேள்விக்கு எந்த ஆதாரத்தையும் காட்ட முடியாது. மேடையில் கூட்டத்தை எப்படிக் கையாண்டார், அதிகாரத்தில் இருப்பவர்களிடம் எதைக் கேட்டார், எதைப் பெற்றார், எதை இழந்தார் என்று கேட்டால் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய பதில் வரும். அதைச் செய்யும் வழிதான் இது.

நிகழ்ச்சிகளை ஜோடி சேர்ப்பது

பாதி வேலை இதில்தான் இருக்கிறது. யூ2வின் 1992-93 ஜூ டிவி சுற்றுப்பயணம் ராட்சதத் திரைகளுக்கென்றே வடிவமைக்கப்பட்டது. அதை மிட்நைட் ஆயில் சிட்னியின் பப்களில் வாசித்த ஆரம்ப காலத்தோடு வைத்தால், நீங்கள் ஒப்பிடுவது பணத்தையும் இடவசதியையும்தான். இணையான சூழ்நிலையில் நடந்தவற்றை எடுங்கள். மூன்று ஜோடிகள் போதும்.

திறந்தவெளியில், படம்பிடிப்பதற்காக ஏற்பாடு செய்யப்பட்டவை: 1983 ஜூன் 5, கொலராடோவின் ரெட் ராக்ஸ் (யூ2), 1985 ஜனவரி 13, சிட்னி துறைமுகத்தில் உள்ள கோட் தீவு (மிட்நைட் ஆயில்). நகரத்தின் நடுவே இலவசமாக நடந்தவை: 1987 நவம்பர் 11, சான் ஃபிரான்சிஸ்கோ (யூ2), 1990 மே 30, நியூயார்க் (மிட்நைட் ஆயில்). உலகமே தொலைக்காட்சியில் பார்த்தவை: 1985 ஜூலை 13, எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக லண்டனின் வெம்ப்ளியில் நடந்த லைவ் எய்ட் (யூ2), 2000 அக்டோபர் 1, சிட்னி ஒலிம்பிக் நிறைவு விழா (மிட்நைட் ஆயில்). கடைசி ஜோடிக்கு நடுவே 15 ஆண்டு இடைவெளி இருக்கிறது. லைவ் எய்டில் போனோவுக்கு வயது 25, சிட்னியில் கேரட்டுக்கு 47. வேகத்தை ஒப்பிடும்போது இதைச் சொல்லாமல் விடக்கூடாது.

பார்க்கும் முறை

முதல் தடவை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். தாளில் மேலிருந்து கீழாக நான்கு பத்திகள் போடுங்கள்: நேரம், கால், கை, கண். ஒவ்வொரு 30 வினாடிக்கும் ஒரு வரி எழுத வேண்டும். லைவ் எய்டில் 'பேட்' பாட்டு ஏறக்குறைய 12 நிமிடம் போகிறது என்பதால் அதற்கு மட்டும் 24 வரி வரும். கேமரா முகத்தை மட்டும் காட்டும் இடங்களில் கால் பத்தியில் கோடு போட்டுவிடுங்கள். ஊகித்து எழுதினால், படத்தொகுப்பாளரின் வேலையைப் பாடகரின் கணக்கில் சேர்த்துவிடுவீர்கள்.

அந்த 12 நிமிடத்தில் கண் பத்திதான் முக்கியம். போனோவின் பார்வை கூட்டத்தில் ஒரு ஆளைத் தேடிக்கொண்டே இருக்கிறது. பிறகு மேடையிலிருந்து கீழே இறங்கி, இன்னும் கீழே குதித்து, தடுப்புக்கு அப்பாலிருந்து வெளியே எடுக்கப்பட்ட ஒரு பெண்ணை அணைத்துக்கொண்டு மெதுவாக ஆடுகிறார். மேலே வாசித்துக்கொண்டிருந்த மூவருக்கும் அவர் எங்கே போனார் என்று தெரியவில்லை. அதே சுருதியைத் திரும்பத் திரும்ப வாசித்துச் சமாளித்தார்கள். மூன்றாவது பாட்டுக்கு நேரமே இல்லாமல் போனது. நிகழ்ச்சியைக் கெடுத்துவிட்டோம் என்று குழு நினைத்தது. ஆனால் பார்த்தவர்கள் நினைவில் நின்றது அந்த ஆட்டம்தான். பெரிய அரங்கத்தை ஒரே ஒரு ஆளின் அளவுக்குச் சுருக்குவது போனோவின் கலை.

கேரட்டுக்குக் கை பத்தி நிறைய நிரம்பும். ஆறடி நான்கு அங்குல உயரம், மழித்த தலை, விரல்களை விரித்தபடி வெட்டி இழுக்கும் கைகள். அழகாக ஆட அவர் முயல்வதே இல்லை. குழுவின் டிரம்மர் ராப் ஹர்ஸ்டின் டிரம்ஸ் எங்கே அடிக்கிறதோ அங்கே உடம்பு உதறுகிறது. பாட்டு நிற்கும் இடங்களில்தான் ஆட்டம் உச்சத்துக்குப் போகிறது. பார்வை ஒரு ஆள்மேல் நிலைக்காமல் கூட்டத்தின் தலைக்கு மேலே போகிறது.

இரண்டாவது தடவை படத்தை மூடிவிட்டு ஒலியை மட்டும் கேளுங்கள். போனோ உயிரெழுத்துகளை நீட்டி, வரியின் முடிவில் மேலே ஏறுகிறார். கேரட் பாதி பேச்சாகப் பாடுகிறார். பல்லவியில் பின்னாலிருந்து ஹர்ஸ்டின் குரல் தாங்கிக்கொள்கிறது. எத்தனை ஸ்வரம் எட்டுகிறது என்பதை அளவுகோலாக வைத்தால் கேரட் தோற்றுப்போவார், உங்களுக்கும் எதுவும் கிடைக்காது. சொல் தெளிவாகக் காதில் விழுகிறதா, தாளத்தின்மேல் எங்கே வந்து விழுகிறது என்று கேளுங்கள்.

நடுத்தெரு ஜோடி

இருக்கிற மூன்றிலும் அதிகம் சொல்வது இதுதான். நேரம் குறைவாக இருந்தால் இதை மட்டுமாவது செய்யுங்கள்.

1987 அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்த அடுத்த மாதம் யூ2 சான் ஃபிரான்சிஸ்கோவின் வணிகப் பகுதியில் இலவசமாக வாசித்தது. போனோ அங்கிருந்த வையன்கோர்ட் நீரூற்றின்மேல் ஏறி, ராக் இசை போக்குவரத்தை நிறுத்தும் என்ற பொருளில் ஸ்ப்ரே பெயின்டால் எழுதினார். நகரம் வழக்குப் போட்டது, அவர் மன்னிப்புக் கேட்டார். 1989 மார்ச்சில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் அலாஸ்காவில் எண்ணெயைக் கொட்டியது. அடுத்த ஆண்டு மிட்நைட் ஆயில் மதிய உணவு நேரத்தில் மன்ஹாட்டனில் எக்ஸான் கட்டடத்துக்கு முன்னால் லாரியின்மேல் நின்று வாசித்தது. எங்கள் எண்ணெய் உங்களை ஆடவைக்கிறது, எக்ஸான் எண்ணெய் எங்களுக்கு நோய் தருகிறது என்ற பொருளில் பின்னால் ஒரு பதாகை.

இரண்டுக்கும் ஒரே கேள்விதான்: யாரைப் பார்த்து, எதைச் சொன்னார்கள்? நியூயார்க்கில் இலக்கு முதுகுக்குப் பின்னால் கட்டடமாக நிற்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோவில் அப்படி யாரும் இல்லை. அரசியல் நிகழ்த்துகலையாகப் பார்த்தால் நியூயார்க் லாரி மேடைக்கே அதிக மதிப்பெண்.

உடனே எதிர்ப்பக்கத்தையும் வையுங்கள். சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு மூன்று நாள் முன்னால், 1987 நவம்பர் 8 அன்று, வட அயர்லாந்தின் எனிஸ்கில்லனில் ஐஆர்ஏ என்ற ஆயுதக் குழு வைத்த குண்டு, போரில் இறந்தவர்களுக்கான நினைவு நாள் கூட்டத்தில் வெடித்தது. அன்றிரவு டென்வரில் போனோ பாட்டை நடுவே நிறுத்தி, தூரத்திலிருந்து 'புரட்சி' பேசும் ஐரிஷ் அமெரிக்கர்களைக் கடுமையாகத் தாக்கினார். டிக்கெட் வாங்கி வந்தவர்களில் ஒரு பகுதியையே எதிர்த்துப் பேசிய பேச்சு அது. பாட்டுக்கு நடுவே வரும் பேச்சுகளை வினாடிக் கணக்கோடு எழுதிக்கொண்டு, கேட்பவர்களுக்குப் பிடித்ததைச் சொன்னாரா, பிடிக்காததைச் சொன்னாரா என்று குறியுங்கள்.

பாராட்டை யார் கணக்கில் எழுதுவது

பாட்டு வரிகளை முன்னால் நிற்பவரின் கணக்கில் அப்படியே போடுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. யூ2வில் வரிகள் பெரும்பாலும் போனோவுடையவை. மிட்நைட் ஆயிலில் ஹர்ஸ்டும் கிடார் வாசித்த ஜிம் மோகினியும் எழுதியவை ஏராளம். நிலத்தைப் பழங்குடியினருக்குத் திருப்பித் தரச் சொல்லும் 'பெட்ஸ் ஆர் பர்னிங்' பாட்டுக்கே கேரட்டையும் சேர்த்து மூவர் பெயர் இருக்கிறது. அதன் பின்னால் 1986இல் பழங்குடியினரின் வாரும்பி பேண்டோடு சேர்ந்து பாலைவனக் குடியிருப்புகளில் வாசித்த பயணம் இருக்கிறது. அதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

சிட்னி நிறைவு விழாவிலும் இதே கவனம் வேண்டும். பழங்குடிக் குழந்தைகளைக் குடும்பங்களிலிருந்து பிரித்ததற்கு அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்க மறுத்துவந்த பிரதமர் ஜான் ஹோவர்ட் பார்த்துக்கொண்டிருக்க, குழு முழுவதும் 'ஸாரி' என்று அச்சிட்ட கறுப்பு உடையில் பாடியது. 2008 பிப்ரவரி 13 அன்று அடுத்த பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். இரண்டையும் நேர்கோட்டில் இணைக்காதீர்கள். இரண்டுக்கும் முன்னாலேயே, அந்தக் குழந்தைகளைப் பற்றிய 1997 விசாரணை அறிக்கையும், 2000 மே மாதம் சிட்னி துறைமுகப் பாலத்தில் நடந்த மாபெரும் மக்கள் நடையும் இருக்கின்றன.

அரசியல் பேரேடு

இங்கேயும் நான்கு பத்தி: கோரிக்கை, முடிவு யார் கையில், பாடகர் கொடுத்த விலை, தேதியோடு விளைவு.

போனோவின் பக்கத்தில் ஏழை நாடுகளின் கடன் தள்ளுபடியும் எய்ட்ஸ் மருந்தும் வரும். முடிவு வாஷிங்டன் கையில் இருந்தது. அதனால் கட்சி பார்க்காமல், தீவிர வலதுசாரி செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸைக்கூடத் தனியாகச் சந்தித்துப் பேசினார். 2002இல் அமெரிக்க நிதியமைச்சர் பால் ஓநீலோடு ஆப்பிரிக்கா போனார். 2003 ஜனவரியில் ஜார்ஜ் புஷ் ஐந்து ஆண்டுகளுக்கு 1,500 கோடி டாலர் எய்ட்ஸ் திட்டத்தை அறிவித்தார். விலை: இராக் போர்க்காலத்தில் புஷ்ஷோடு ஒரே படத்தில் நின்ற பெயர். இந்த வெற்றியையும் பங்கு பிரித்துத்தான் எழுத வேண்டும். தென்னாப்பிரிக்க நோயாளிகளின் போராட்டமும், 2001இல் மும்பையின் சிப்லா மருந்து நிறுவனம் ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 350 டாலர் என்று விலை சொன்னதும் இல்லாமல் அந்தப் பணம் இத்தனை பேரை எட்டியிருக்காது.

வரி விவகாரமும் இதே பக்கத்தில்தான். கலைஞர்களுக்கான வரிவிலக்குக்கு அயர்லாந்து ஆண்டுக்கு 2,50,000 யூரோ என்று வரம்பு வைத்தபோது, 2006இல் யூ2 தன் வணிகத்தின் ஒரு பகுதியை நெதர்லாந்துக்கு மாற்றியது. சட்டத்துக்கு உட்பட்டதுதான். ஆனால் அரசுகளின் வரிப்பணத்திலிருந்து உதவி கேட்பவர் செய்தது என்பதால், கோரிக்கை பத்திக்கு நேர் எதிரே எழுத வேண்டிய வரி இது.

கேரட் சட்டம் படித்தவர். 1984இல் அணு ஆயுத ஒழிப்புக் கட்சி சார்பில் செனட்டுக்கு நின்று நூலிழையில் தோற்றார். ஆஸ்திரேலிய இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் தலைவராக இரண்டு முறை இருந்தார். 2004இல் லேபர் கட்சியில் கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித் தொகுதி உறுப்பினர், 2007 இறுதியில் சுற்றுச்சூழல் அமைச்சர். அமைச்சரவை முடிவை வெளியே எதிர்த்துப் பேசக்கூடாது என்ற விதியை எழுதாமல் இந்தப் பக்கத்தை நிரப்ப முடியாது. அணுசக்தியை எதிர்த்துப் பாடியவர் 2009இல் ஃபோர் மைல் யுரேனியச் சுரங்கத்துக்கு ஒப்புதல் தந்தார். அவர் துறையின் வீட்டுக் கூரை வெப்பக்காப்புத் திட்டத்தில் நான்கு இளம் தொழிலாளர்கள் இறந்தார்கள்; 2010இல் திட்டம் நிறுத்தப்பட்டு, அவருடைய பொறுப்புகள் குறைக்கப்பட்டன. அதே ஆண்டு, அவர் அமைச்சராக இருக்கும்போதே, ஜப்பானின் திமிங்கில வேட்டைக்கு எதிராக ஆஸ்திரேலியா சர்வதேச நீதிமன்றம் போனது. 2014 மார்ச் 31 அன்று வென்றது. முதல் இரண்டை எழுதி மூன்றாவதை விட்டுவிடும் கட்டுரைகள்தான் அதிகம்.

இரண்டு பேரேடுகளையும் மேடைக் குறிப்புகளுக்குப் பக்கத்தில் வையுங்கள். கூட்டத்தில் ஒரு ஆளைத் தேடிய போனோ, வாஷிங்டனிலும் ஒவ்வொரு செனட்டராகத்தான் தேடிப்போனார். ஐவரில் ஒருவராக வரிசையில் நின்ற கேரட், கட்சியின் வரிசையிலும் போய் நின்றார். இது என் கணிப்பு. உங்கள் கண் பத்தியும் கை பத்தியும் இதைக் காட்டாவிட்டால் கட்டுரையில் சேர்க்காதீர்கள்.

எழுதும்போது 1983இலிருந்து 2013 வரை என்று கால எல்லை போட்டுக்கொள்ளுங்கள். அந்த ஆண்டில்தான் கேரட் நாடாளுமன்றத்தை விட்டார். 2,000 சொல் கட்டுரை என்றால் மேடைக்கு 900, பேரேட்டுக்கு 900, பங்கு பிரிப்புக்கு 200. மேடையை முதலில் எழுதுங்கள். அரசியலில் தொடங்கினால் பாட்டுக்கு இடமே மிஞ்சாது.