தரகுக் கட்டணம் தின்ற லாபம்: நான் மாற்றிக்கொண்டது
காலை 9 மணிக்குச் சிங்கப்பூர் பங்குச் சந்தை திறந்ததும் எம்ஆர்டி ரயிலில் போகும்போதே பங்கு வாங்கி, மாலை 5 மணிக்குள் விற்றுவிடுவேன். விலை பெரும்பாலும் நான் நினைத்தபடியே ஏறியது, ஆனாலும் கையில் ஒன்றும் தங்கவில்லை. அப்புறம் தரகு அறிக்கையை வரி வரியாகப் பார்த்தேன்: தரகு, வாங்கல் விற்றலை முடித்துக் கொடுப்பதற்கான 0.0325 சதவீதத் தீர்வுக் கட்டணம், சந்தையைப் பயன்படுத்துவதற்கான 0.0075 சதவீத அணுகல் கட்டணம், அவற்றின் மேல் ஜிஎஸ்டி, எல்லாமே வாங்கும்போது ஒரு தடவை, விற்கும்போது இன்னொரு தடவை. சிறு தொகை போடுபவரை உண்மையில் கடிப்பது, எவ்வளவு குறைவாக வாங்கினாலும் கட்டியாக வேண்டிய குறைந்தபட்சத் தரகுதான்.

இப்போது சம்பளம் வந்ததும் ஒரு பகுதி, சிங்கப்பூரின் 30 பெரிய நிறுவனங்கள் அடங்கிய எஸ்டிஐ பங்குக் குறியீட்டைப் பின்பற்றும் இடிஎஃப்புக்கு (பங்கு போலவே சந்தையில் வாங்கி விற்கும் நிதி) தானாகப் போய்விடுகிறது. ஈவுத்தொகையையும் அதிலேயே போடுகிறேன். அவசரச் செலவுப் பணத்தை மட்டும் இதில் கலக்காதீர்கள், சந்தை இறங்கிக் கிடக்கும்போது விற்க வேண்டிவரும்.