இராமநாதபுரம் கடலோரக் கோயில்களுக்கு ஒரே நாளில் போய்வருவது எப்படி

இராமேஸ்வரம் போகிற வண்டிகள் பெரும்பாலும் இராமநாதபுரத்தில் ஒரு டீக்கு நிற்கும், அப்புறம் நேராகப் பாம்பன் பாலம்தான். இது எனக்கு ரொம்ப வருத்தம். ராமர் இலங்கைக்குப் போன கதையில் கடலைத் தாண்டுவதற்கு முன்னால் நடந்ததெல்லாம் பாலத்துக்கு இந்தப் பக்கம்தான் நடந்தது என்று இங்கே காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள், அந்த இடங்களில் எல்லாம் கோயிலும் தீர்த்தமும் இன்றைக்கும் இருக்கின்றன. தேவிபட்டினம், திருப்புல்லாணி, சேதுக்கரை மூன்றையும் பார்த்துவிட்டு சாயங்காலம் உத்தரகோசமங்கைக்குப் போனால் ஒரு நாள் நிறைந்துவிடும். மொத்தச் சுற்றும் நூறு கிலோமீட்டருக்குள் அடங்கும். இராமேஸ்வரத்தை இதே நாளில் சேர்க்காதீர்கள், அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

முதல் நாள் ராத்திரியே இராமநாதபுரம் வந்து தங்கிவிடுவது நல்லது. மதுரையிலிருந்து பரமக்குடி வழியாக ஏறக்குறைய 115 கிலோமீட்டர், பஸ்ஸும் ரயிலும் இருக்கின்றன. சென்னைக்காரர்களுக்கு ராத்திரி ரயில் வசதி. மதுரையில் தங்கி விடிகாலையில் கிளம்பினாலும் முடியும், ஆனால் அப்போது தேவிபட்டினத்தில் சூரிய உதயம் கிடைக்காது. இந்தப் பயணத்தில் நான் எதை விட்டாலும் அதை விடமாட்டேன்.

வண்டி விஷயம். நான்கு பேர் இருந்தால் ஒரு நாளைக்குக் கார் பேசிவிடுங்கள், போகிற ஊர்கள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி, காத்திருப்புக்கும் சேர்த்தே வாடகை என்று முதலிலேயே முடித்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் போகிறவர்கள் தேவிபட்டினத்துக்கும் திருப்புல்லாணிக்கும் இராமநாதபுரத்திலிருந்து சுலபமாகப் போய்விடலாம். சேதுக்கரைக்குப் பஸ் குறைவு, திருப்புல்லாணியிலிருந்து ஆட்டோ பிடிக்க வேண்டியிருக்கும், கடற்கரையில் திரும்பிவர வண்டி தேடி நிற்காமல் அதே ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லிவிடுங்கள். பஸ்ஸை மட்டும் நம்பி நான்கு ஊரையும் ஒரே நாளில் பார்ப்பது கஷ்டம். அப்படியானால், மதிய வேளைக்குப் பின்னால் நான் சொல்லப்போகிற கீழக்கரையை விட்டுவிடுங்கள்.

எந்த மாதம் போவது என்பதைக் காற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இந்த மாவட்டத்துக்கு இரண்டு கடல் உண்டு. தேவிபட்டினம் இருப்பது பாக் விரிகுடாப் பக்கம், சேதுக்கரை இருப்பது மன்னார் வளைகுடாப் பக்கம், நடுவில் மண்டபம் வரைக்கும் நீளும் தரைதான் இரண்டையும் பிரிக்கிறது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வாடைக் காற்று வீசும்போது தேவிபட்டினம் பக்கம் தண்ணீர் கலங்கி அலையடிக்கும், சேதுக்கரைப் பக்கம் அடங்கியிருக்கும். ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று கிளம்பிவிட்டால் அப்படியே தலைகீழ். அதனால் கடலில் குளிக்கிற எண்ணம் இருந்தால் எந்தப் பக்கம் இறங்குவது என்று காற்று சொல்லிவிடும். தை, மாசி இரண்டு மாதமும் வெயிலும் தாங்கும், கடலும் ஓரளவு ஒத்துவரும். சித்திரை, வைகாசியில் குழந்தைகளையோ வயதானவர்களையோ கூட்டிக்கொண்டு வராதீர்கள், இங்கே நிழல் என்று பார்த்தால் பனைமரமும் சீமைக் கருவேலும்தான்.

அப்புறம் அமாவாசை. ஆடி, தை, புரட்டாசியில் வரும் மகாளய அமாவாசை மூன்றுக்கும் தேவிபட்டினத்திலும் சேதுக்கரையிலும் கால் வைக்க இடம் இருக்காது. திதி கொடுக்க வருகிறவர்களுக்கு அந்த நாள்தான் முக்கியம், அவர்கள் வரட்டும். கோயிலைப் பார்க்க மட்டும் வருகிறவர்கள் வேறொரு சாதாரண நாளில் வாருங்கள்.

சரி, பயணம். விடியுமுன் ஐந்து மணிக்குக் கிளம்பினால் அரை மணியில் தேவிபட்டினம், கிட்டத்தட்ட 15 கிலோமீட்டர். இங்கே கோயில் கரையில் இல்லை, கடலுக்குள் இருக்கிறது. ஒன்பது கற்கள் தண்ணீரில் நட்டபடி நிற்கும், ஒன்று உயரமாக, ஒன்று குட்டையாக. அதுதான் நவபாஷாணம். இலங்கைக்குப் புறப்படுமுன் ராமர் நவக்கிரக வழிபாட்டுக்காகத் தன் கையால் பிடித்து வைத்தவை என்பது நம்பிக்கை. அவர் வழிபடும்போது அலை வந்து கலைக்காமல் கடலைத் தடுத்து நிறுத்திய பெருமாளுக்குக் கடலடைத்த பெருமாள் என்று பெயர், கரையிலேயே சன்னதி இருக்கிறது. வாடை இல்லாத நாளில் இந்தக் கடல் கண்மாய்த் தண்ணீர் மாதிரி கிடப்பதைப் பார்த்தால் அந்தக் கதை ஏன் இங்கே பிறந்தது என்று தானாகவே புரியும்.

கரையிலிருந்து நடைபாலம் போட்டு, கற்களைச் சுற்றி மேடையும் கட்டியிருக்கிறார்கள். நடைபாலத்தில் நின்றபடி உதயத்தைப் பாருங்கள், எதிரே கிழக்கு, மறைக்க ஒன்றுமில்லை. தண்ணீர் ஏறியிருக்கும் நாளில் சில கற்கள் முங்கியிருக்கும், அதற்காக ஏமாந்துபோக வேண்டாம். இறங்கிச் சுற்றுகிறவர்கள் படியில் பாசி இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள், பெரியவர்களைக் கையைப் பிடித்துத்தான் இறக்க வேண்டும். நவதானியம் கரையிலேயே விற்பார்கள். பரிகாரம், தர்ப்பணம் செய்வதாக இருந்தால் எவ்வளவு தட்சிணை, அதில் என்னென்ன சேரும் என்பதை உட்காருவதற்கு முன்னால் பேசிவிடுங்கள், உட்கார்ந்த பிறகு பேசினால் இரண்டு பக்கமும் மனக்கசப்பு.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். குளித்த துணியைக் கடலில் விட்டுவிட்டுப் போனால் தோஷம் கழியும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தத் துணி எங்கேயும் போவதில்லை, கல்லிலும் மீன் வலையிலும்தான் சுற்றிக்கொள்கிறது. கடல் பசு மேய்கிற கடல்புல் இந்தப் பகுதியில்தான் வளர்கிறது. ஈரத் துணிக்கு ஒரு பையைக் கையோடு கொண்டுபோங்கள், அவ்வளவுதான்.

ஏழரைக்குள் கிளம்பி இராமநாதபுரத்துக்கே திரும்பி, காலைச் சாப்பாட்டை அங்கே முடித்துக்கொள்ளுங்கள். தேவிபட்டினத்துக்குத் தெற்கே, வைகையின் மிச்சத் தண்ணீர் கடலில் சேரும் ஆற்றங்கரைப் பக்கத்தில் அழகன்குளம் இருக்கிறது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1980களிலிருந்து பல தடவை அகழாய்வு செய்த ஊர். ரோமானியக் காசுகள், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மதுவும் எண்ணெயும் வந்த ஆம்போரா ஜாடிகளின் உடைசல்கள், கப்பல் படம் கீறிய பானை ஓடு எல்லாம் அங்கே கிடைத்தவை. சங்கப் பாடல்களில் வருகிற யவனர் நடமாடிய கரை இது. கோயில் மாதிரி நின்று பார்க்கிற கட்டடம் ஒன்றும் அங்கே இல்லை, அதனால் எல்லாரையும் போகச் சொல்லமாட்டேன். வரலாற்றுப் பைத்தியம் பிடித்தவர்கள் மட்டும் காலைச் சாப்பாட்டு நேரத்தைச் சுருக்கிக்கொண்டு அந்த வழியாகச் சுற்றி வரலாம்.

ஒன்பது, ஒன்பதரைக்குத் திருப்புல்லாணியில் இருக்க வேண்டும். கீழக்கரை போகும் சாலையில் 10 கிலோமீட்டர். இந்த நாளின் கனமான பகுதி இதுதான், குறைந்தது ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். 108 திவ்ய தேசங்களில் ஒன்று, பாண்டிய நாட்டுப் பதினெட்டில் சேர்ந்தது, திருமங்கையாழ்வார் பாடியது. மூலவர் ஆதி ஜெகந்நாதப் பெருமாள், தாயார்கள் கல்யாணவல்லியும் பத்மாசனியும்.

உள்ளே போனதும் மூலவரைச் சேவித்துவிட்டுத் திரும்பிவிடுகிறவர்கள்தான் நிறைய. தர்ப்பசயன ராமர் சன்னதியைத் தேடிப் போங்கள். கடல் அரசனிடம் வழி கேட்டு ராமர் மூன்று நாள் தர்ப்பைப் புல்லில் படுத்துக் காத்திருந்தார் என்கிற கட்டம் ராமாயணத்தில் வருகிறது அல்லவா, அந்தக் கோலம் இங்கேதான் மூர்த்தியாக இருக்கிறது. பக்கத்தில் சீதை இல்லை. இருக்கவும் முடியாது, அவள் அப்போது அசோகவனத்தில் இருக்கிறாள். எத்தனையோ ராமர் கோயிலில் பட்டாபிஷேகக் கோலத்தையே பார்த்துப் பழகிய நமக்கு, வழி கிடைக்காமல் காத்துக் கிடக்கிற ராமரைப் பார்ப்பது வேறு அனுபவம். எதற்காவது ரொம்ப நாளாகக் காத்திருக்கிறவர்கள் இந்தச் சன்னதியில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள் என்றுதான் நான் எல்லாரிடமும் சொல்வேன். பட்டாபிராமர் நின்ற கோலத்தில் தனிச் சன்னதியில் இருக்கிறார், ஆக இருந்த, கிடந்த, நின்ற கோலம் மூன்றையும் ஒரே கோயிலில் சேவித்துவிடலாம்.

தசரதன் பிள்ளை வரம் வேண்டி இங்கே வந்ததாகத் தலபுராணம் சொல்வதால் குழந்தை வேண்டி வருகிறவர்கள் அதிகம், அவர்கள் நாகப் பிரதிஷ்டை செய்து பாயசப் பிரசாதம் வாங்கிக்கொள்வார்கள். அந்த வழிபாட்டுக்கென்று வருவதாக இருந்தால் முந்தைய நாளே கோயில் அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். தலமரமான அரசையும் வெளியே சக்கர தீர்த்தத்தையும் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

கோயில்கள் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் மூன்றரை, நான்கு மணிக்குத்தான் திறக்கும். காலையிலேயே இவ்வளவு அவசரப்படுத்துவது இதற்காகத்தான். முதலில் சேதுக்கரையில் குளித்து நிதானமாகத் திருப்புல்லாணிக்கு வரலாம் என்று நினைத்தால் சாத்திய கதவுக்கு முன்னால் நிற்க நேரும்.

திருப்புல்லாணியிலிருந்து சேதுக்கரை 4 கிலோமீட்டர். கடைசியில் சாலை முடிந்து கடல் தொடங்கும். கடலைப் பார்த்தபடி ஆஞ்சநேயர் கோயில். ஐந்து நிமிஷத்தில் தரிசனம் முடிந்துவிடும் சிறிய இடம், ஆனால் திருப்புல்லாணியில் காத்துக் கிடந்த ராமரைப் பார்த்துவிட்டு, கடலைத் தாண்டிவிட்டு வந்த அனுமன் அதே கடலுக்கு முன்னால் நிற்பதைப் பார்க்கும்போது கதை அப்படியே தொடர்கிறது. அதனால்தான் இந்த இரண்டையும் இந்த வரிசையிலேயே பார்க்கச் சொல்கிறேன். குளிக்கிறவர்கள் இடுப்பளவுத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கச்சான் காலத்தில் கரையோடு சரி. பதினோரு மணிக்கு மேல் மணலில் வெறுங்காலோடு நடக்க முடியாது, செருப்பைக் கோயில் வாசல் வரைக்கும் போட்டுக்கொண்டே போங்கள். தண்ணீர் பாட்டிலைத் திருப்புல்லாணியிலேயே நிரப்பிவிடுங்கள், இந்தக் கரையோரத்தில் நிலத்தடித் தண்ணீர் உப்பு.

பவளக் கல், சங்கு என்று யாராவது கையில் நீட்டினால் பவளத்தை வாங்காதீர்கள். எதிரே இருப்பது மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா, 21 தீவுகள், 1986இல் அறிவித்தது. உயிருள்ளதோ செத்ததோ, பவளத்தை எடுப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

மதியம் என்ன செய்வது? இரண்டு வழி இருக்கிறது. கறி, மீன் சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் கோயிலுக்குப் போவதில்லை என்கிற வீட்டுக்காரர்கள் இராமநாதபுரம் திரும்பி சைவச் சாப்பாடு சாப்பிட்டு, அரண்மனையில் இராமலிங்க விலாசம் என்கிற மண்டபத்தைப் பார்க்கலாம். இந்தச் சீமையை ஆண்ட சேதுபதி மன்னர்களில் ஒருவரான கிழவன் சேதுபதி கட்டியது, உள்ளே சுவர் முழுக்க ஓவியம், சேதுபதிகளின் போரும் தர்பாரும் ராமாயணக் காட்சிகளும் அடுத்தடுத்து வரும். இந்தக் கரைக்கு வந்த யாத்திரைக்காரர்களைக் காத்த சேதுபதிகளின் வீடு என்பதால் இந்தப் பயணத்தோடு அது நன்றாகப் பொருந்தும். விடுமுறை நாளா என்று மட்டும் காலையிலேயே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கட்டுப்பாடு இல்லாதவர்கள் நேராகக் கீழக்கரைக்குப் போங்கள். வள்ளல் சீதக்காதி வாழ்ந்த ஊர். அங்கே உள்ள பழைய ஜும்மா பள்ளிவாசல் கல்தூணும் போதிகையுமாக நம்மூர்க் கோயில் மண்டபக் கட்டுமானத்திலேயே இருக்கும், அதைச் செய்த தச்சர்கள் எந்த மரபில் வந்தவர்கள் என்று தூணே சொல்லும். வெள்ளிக்கிழமை மதியமும் தொழுகை நேரமும் தவிர்த்து, அனுமதி கேட்டுக்கொண்டு போங்கள். ஊருக்குள் பிரியாணி கிடைக்கும், கிளம்பும்போது தொதல் என்கிற இனிப்பை வாங்காமல் வராதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், அப்போது போகிறவர்கள் மீன் சாப்பாட்டைப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

நான்கு மணிக்கு உத்தரகோசமங்கை. இராமநாதபுரத்திலிருந்து 18 கிலோமீட்டர், கடலைவிட்டுக் கொஞ்சம் உள்ளே. மங்களநாதர், மங்களேஸ்வரி. 'மண் முந்தியோ மங்கை முந்தியோ' என்று ஊரில் சொல்லும் அளவுக்குப் பழமை, மாணிக்கவாசகர் உருகி உருகிப் பாடிய தலம். மரகத நடராஜரைப் பார்க்கத்தான் எல்லாரும் வருகிறார்கள், ஆனால் வருஷம் முழுக்க அவர் சந்தனக் காப்பில்தான் இருப்பார், மார்கழித் திருவாதிரையை ஒட்டித்தான் சந்தனம் களைவார்கள். அந்த நாளில் கூட்டம் நெரியும், ராத்திரி முழுக்க வரிசையில் நிற்கத் தயாராக வர வேண்டும். மற்ற நாளில் வருகிறவர்கள் சகஸ்ரலிங்கத்தையும் இலந்தை மரத்தையும் நிதானமாகப் பாருங்கள். தாழம்பூவைச் சிவபூஜையில் சேர்க்கமாட்டார்கள் என்றுதானே கேள்விப்பட்டிருப்பீர்கள், இங்கே மங்களநாதருக்கே தாழம்பூ சாத்துகிறார்கள்.

ஆறரைக்குக் கிளம்பினால் ஏழரைக்குள் இராமநாதபுரம். பஸ்ஸில் வந்தவர்கள் கோயிலுக்குள் போகுமுன்னே வாசல் கடையில் கடைசிப் பஸ் நேரத்தைக் கேட்டுவிடுங்கள். ரயிலுக்கு நேரம் இருந்தால் கடைத்தெருவில் முண்டு மிளகாயும் பனங்கருப்பட்டியும் வாங்கலாம். மிளகாய் வற்றலைக் குலுக்கிப் பார்த்து, உள்ளே விதை சலசலவென்று சத்தம் வந்தால் நன்றாகக் காய்ந்திருக்கிறது, தைரியமாக எடுத்துக்கொள்ளுங்கள்.